நெஞ்சுக்குள் ஒரு கள்ள வாய்க்கால்: இதயத்தின் மேலதிக மின்பாதை பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. வன்னியில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் ஈசிஜி எடுக்கிற ரெக்கோடிஸ்ட். இதயத்தில் மேலதிக மின்பாதை இருக்கிறது என்பதற்குக் கிளினிக் கொப்பியில் 'டபிள்யூ.பி.டபிள்யூ' என்று எழுதி வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், டொக்டரிடம் கேட்க வெட்கப்பட்டதை எல்லாம் கம்பி பூட்டும்போது என்னிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விகளும், இத்தனை வருடமாக இதய வைத்தியர்களுக்குப் பக்கத்தில் நின்று நான் கற்றுக்கொண்ட பதில்களும்தான் இவை. உங்கள் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரின் வேலை.

இதயத்துக்குள் மின்சாரம் இருக்கிறதா?

இருக்கிறது. வயர் இல்லாத மின்சாரம். இதயத் தசையே அதைக் கடத்தும். வலது மேலறையின் உச்சியில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் மேலறையைச் சோணையறை என்றும், இந்த முடிச்சைக் குடாச்சோணைக் கணு என்றும் படித்திருப்பீர்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அது ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. துடிப்பு இரண்டு மேலறைகளிலும் பரவுகிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே மின்சாரம் கடக்க முடியாத ஒரு நார்த்திசு வளையம் உண்டு.

இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலறை குளம், கீழறை வயல், அந்த வளையம்தான் குளக்கட்டு. கட்டில் ஒரே ஒரு துரிசு, அதாவது தண்ணீர் விடும் மதகு, இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நடுவிலுள்ள இரண்டாவது கணு. 1906இல் சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்தபோது அதைத் தெளிவாக விவரித்தார். துடிப்பு அங்கே வந்ததும் உடனே கீழே போகாது, ஏறத்தாழ ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கும். மேலறையின் இரத்தம் கீழறைக்குள் இறங்கி முடிவதற்கான நேரம் அது. பிறகு 'ஹிஸ் கட்டு' என்ற மின்கடத்தும் இழைக் கற்றை வழியாகக் கீழறை முழுவதற்கும் ஒரே நேரத்தில் பாயும்.

துரிசின் வேலை திறப்பது மட்டும் இல்லை. தேவைக்கு மேல் விடாமல் பிடித்து வைத்திருப்பதும்தான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற பாதி விளங்கிவிடும்.

அப்போ எனக்கு இருக்கிற 'மேலதிக பாதை' என்பது என்ன?

குளக்கட்டில் நண்டு துளைத்த ஓட்டை மாதிரி. தாயின் வயிற்றில் இதயம் உருவாகத் தொடங்கும்போது மேலறைத் தசையும் கீழறைத் தசையும் தொடர்ச்சியாகத்தான் இருக்கும். பிறகு நார் வளையம் வளர்ந்து இரண்டையும் பிரிக்கும். அப்படிப் பிரியும்போது ஓர் இடத்தில் மெல்லிய தசை இழை ஒன்று அறுபடாமல் தங்கிவிட்டால் அதுதான் மேலதிக பாதை. நோயுற்ற தசை அல்ல. நல்ல, சாதாரண இதயத் தசை, இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் பிரச்சினை. சாதாரணத் தசை என்பதால் துரிசுக்கு உள்ள பொறுமை அதற்குக் கிடையாது. வந்ததைத் தாமதிக்காமல் கடத்திவிடும்.

அதிகம் காணப்படுவது இடது பக்கச் சுவரில். அடுத்ததாக நடுச்சுவருக்குப் பின்பக்கம். சிலருக்கு வலது பக்கம். வலது பக்க வால்வு பிறவியிலேயே கீழிறங்கி இருக்கும் 'எப்ஸ்டைன்' என்ற குறையுள்ளவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளும் இருக்கலாம். ஆகவேதான் டொக்டர் ஈசிஜியோடு நிற்காமல், ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோவும் எடுக்கச் சொல்கிறார்.

அந்த மூன்று எழுத்துகள் யாருடையவை?

வூல்ஃப், பார்க்கின்சன், வைட். முதலாமவரும் மூன்றாமவரும் பொஸ்டனில், நடுவில் உள்ளவர் லண்டனில். 1930இல் மூவரும் சேர்ந்து 11 பேரின் கதையை எழுதினார்கள். எல்லோரும் மற்றபடி நல்ல சுகதேகிகள், ஈசிஜி விசித்திரமாக இருக்கும், இடைக்கிடை நெஞ்சு குதிரை ஓட்டம் ஓடும். தசை இழை என்ற விளக்கம் பின்னால்தான் நிலைபெற்றது. 1893இலேயே ஸ்டான்லி கென்ட் என்ற ஆங்கிலேயர் மேலறையையும் கீழறையையும் இணைக்கும் தசைகளைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் அவர் அவற்றை எல்லோருக்கும் இயல்பாக இருப்பவை என்று நினைத்துவிட்டார். அப்படியிருந்தும் 'கென்ட் கட்டு' என்று அவர் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

ஈசிஜியைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

என் வேலை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசை. ஈசிஜித் தாள் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடும். ஒரு சின்னக் கட்டம் 0.04 செக்கன். மேலறைத் துடிப்பின் தொடக்கத்திலிருந்து கீழறைத் துடிப்பின் தொடக்கம் வரை மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம் இருக்க வேண்டும். துரிசடியில் நிற்கும் நேரமும் அதற்குள் அடங்கும். மேலதிக பாதை உள்ளவருக்கு அது மூன்று கட்டத்துக்குக் கீழே வந்துவிடும்.

அதோடு, கீழறைக் கோடு ஊசிபோல நேரே ஏறாது. அடியில் ஒரு சாய்வோடு, குளக்கட்டுச் சரிவு மாதிரி, மெல்லத் தொடங்கி ஏறும். கள்ள வழியால் வந்த துடிப்பு கீழறையின் ஒரு மூலையை முந்திக்கொண்டு எழுப்பிவிடுகிறது. மீதியை நேர்வழியால் வந்தது எழுப்புகிறது. இரண்டும் கலந்ததுதான் அந்தச் சாய்வு. 'டெல்டா அலை' என்பார்கள். ஆயிரம் பேருக்கு ஈசிஜி எடுத்தால் ஒருவரிடமிருந்து மூவர் வரை இது தெரியும். வேலைக்குச் சேர மெடிக்கல் எடுக்க வந்து, நெஞ்சில் ஒரு குறையும் இல்லாமல் இந்தச் சாய்வோடு திரும்பிப் போன இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிலருடைய பாதை கீழிருந்து மேலே மட்டும் கடத்தும். சாதாரண நேரத்தில் அவர்களின் ஈசிஜி சுத்தமாக இருக்கும். ஆகையால் 'ஈசிஜி நல்லது' என்றால் எல்லாம் நல்லது என்று ஆகாது.

சும்மா இருந்த நெஞ்சு ஏன் திடீரென்று 200க்கு ஓடுகிறது?

இங்கே குள உவமை கைகொடுக்காது, தண்ணீர் மேட்டுக்கு ஏறாதே. ரோட்டுக்கு வருவோம். பரந்தனில் இருந்து ஏ9இல் தெற்கே வந்தால் மாங்குளம். அங்கே திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு. அங்கிருந்து புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாக மறுபடி பரந்தன். ஒரு முழு வட்டம். நிறுத்த ஆள் இல்லாவிட்டால் ஒரு வாகனம் சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

இதயத்திலும் இதேதான். வழக்கத்துக்கு முந்திய ஒரு துடிப்பு வருகிறது. அந்த நேரம் மேலதிக பாதை இன்னும் களைப்பாறவில்லை, ஆகவே துடிப்பு துரிசு வழியாக மட்டும் கீழே இறங்குகிறது. கீழறையைச் சுற்றி வருவதற்குள் மேலதிக பாதை தயாராகிவிடும், அதன் வழியே மேலே ஏறும். மேலே வந்தால் துரிசு திறந்திருக்கிறது. வட்டம் பூர்த்தி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு என்று நிமிடத்துக்கு 150 முதல் 250 வரை போகும். வட்டத்தின் ஏதாவது ஓர் இடத்தில் ஒரு கணம் பாதை அடைபட்டால் போதும், அந்தக் கணமே நிற்கும்.

எல்லோரும் 'இது சண்டைப் பயம்' என்கிறார்கள். அப்படியும் இருக்கலாம் அல்லவா?

இருக்கலாம். இதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். 2009ஐக் கடந்து வந்த ஊர் இது. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை என்று வருகிறவர்களில் உண்மையிலேயே மனக்காயம் உள்ளவர்கள் நிறையப் பேர். அதற்கு வைத்தியம் தேவை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்லாப் படபடப்பையும் அந்த ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறோம். ஒரு பெண், முப்பது வயது இருக்கும், பத்து வருடமாக 'பயந்த பிள்ளை' என்ற பெயரோடு திரிந்தவர். ஒருநாள் படபடப்பு நிற்பதற்கு முன் ஓட்டோவில் வந்து சேர்ந்தார். தாளில் 210. "அப்ப நான் நடிக்கேல்லையே, அண்ணா?" என்று கேட்டார்.

வித்தியாசம் கேட்டுப் பார்த்தால் தெரியும். பயத்தில் வரும் படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். வட்டப்பாதைப் படபடப்பு சுவிட்ச் போட்டதுபோலத் தொடங்கி, சுவிட்ச் அணைத்ததுபோல நிற்கும். நெல் புடைக்கும்போது, குனிந்து நிமிரும்போது, சும்மா தொலைக்காட்சி பார்க்கும்போதுகூட வரும். கொஞ்ச நேரம் நீடித்தால் அடிக்கடி சிறுநீர் போகும். மேலறை இழுபடுவதால் சுரக்கும் ஒரு ஹோர்மோனின் வேலை அது. இதை நோயாளிகள் தாமாகச் சொல்லமாட்டார்கள். கேட்டால் "ஓம், ஓம்" என்பார்கள்.

இன்னொன்று, வட்டப்பாதைப் படபடப்பு வந்தவருக்குப் பயமும் வரும். 200க்கு நெஞ்சு ஓடினால் யாருக்குத்தான் வராது? பயம் இருப்பதால் காரணமும் பயம்தான் என்று முடிவு கட்டக்கூடாது.

தொடங்கிவிட்டால் வீட்டில் என்ன செய்யலாம்?

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சு முட்டல் எதுவும் இருந்தால் வீட்டில் ஒன்றும் செய்து பார்க்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது. உள்கிராமத்தில் நின்றால் மெயின் ரோட்டுச் சந்தி, கோயில், பள்ளிக்கூடம் என்று அடையாளம் சொல்லுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லை, டொக்டரும் முன்பே அனுமதித்திருக்கிறார் என்றால் ஒரு வழி உண்டு. பாதி சாய்ந்து இருந்துகொண்டு, 10 மில்லிலீற்றர் சிரிஞ்சின் வாயில் ஊதுங்கள். உள்ளே இருக்கும் தண்டு மெல்ல அசையும் அளவுக்கு, 15 செக்கன். ஊதி முடித்த உடனே நேரே படுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் இரண்டு கால்களையும் சரிவாகத் தூக்கி இன்னொரு 15 செக்கன் பிடிக்க வேண்டும். 2015இல் இங்கிலாந்தில் 428 பேரிடம் சோதித்தார்கள். இருந்தபடியே ஊதியவர்களில் 17 வீதத்தினருக்கு நின்றது. ஊதிவிட்டுப் படுத்துக் காலைத் தூக்கியவர்களில் 43 வீதத்தினருக்கு நின்றது. காலைத் தூக்குகிற ஒரு சின்ன வேலைக்கு இவ்வளவு பலன். சிரிஞ்ச் விலை தேத்தண்ணிக் காசுகூட வராது.

கழுத்து நாடியை அமத்துவது, கண்ணை அமத்துவது இரண்டும் வேண்டாம். கண்ணை அமத்துகிற பழைய பழக்கம் கண்ணைக் கெடுக்கும். வயதானவருக்குக் கழுத்தை அமத்தினால் பக்கவாதம்வரை போகலாம்.

வைத்தியசாலையில் போட்ட ஊசியில் செத்துப் பிழைத்த மாதிரி இருந்ததே?

அது அடெனோசின். துரிசைச் சில செக்கன்களுக்கு மூடி வட்டத்தை அறுக்கும் மருந்து. அந்தச் சில செக்கன்களில் நெஞ்சு அடைத்து, உயிர் போகிறது என்ற எண்ணம் வரும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். இரத்தத்தில் அது தங்குவதே செக்கன் கணக்கில்தான், ஆகவே உணர்வும் உடனே போய்விடும். மின்னதிர்ச்சி இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போடுவார்கள். இயந்திரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், அது முன்னெச்சரிக்கை.

இதில் உயிராபத்து உண்டா?

உண்டு, ஆனால் அரிது. இங்கேதான் துரிசின் பிடித்து வைக்கும் வேலை ஞாபகத்துக்கு வர வேண்டும். சிலருக்கு மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்கும், நிமிடத்துக்கு 350க்கு மேல். சாதாரண ஆளுக்குத் துரிசு அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மேலதிக பாதை உள்ளவருக்குத் தடுப்பதற்கு ஆள் இல்லை. கட்டு உடைத்த வெள்ளம்போல அத்தனையும் கீழறைக்குள் இறங்கினால், கீழறையும் நடுங்கத் தொடங்கி, இரத்தம் வெளியேறாமல் இதயம் நின்றுபோகலாம். இப்படித் திடீர் மரணம் நேர்வது ஆயிரம் பேரில் ஆண்டுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான். ஆனால் அந்த ஒருவர் பெரும்பாலும் இளவயதுக்காரர்.

பாதை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை வைத்துத்தான் ஆபத்தை அளக்கிறார்கள். நடுக்க நேரத்தில் அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையே 0.25 செக்கனோ அதற்குக் குறைவோ என்றால் அது ஆபத்தான பாதை. டிரெட்மில் என்ற ஓட்டப் பரிசோதனை இயந்திரத்தில் ஓடும்போது துடிப்பு மெல்லக் கூட, டெல்டா அலை ஓர் இடத்தில் பட்டென்று மறைந்துபோனால் அது ஓரளவு நல்ல செய்தி. பாதைக்கு வேகம் தாங்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு விசயம் கட்டாயம். ஒழுங்கில்லாத அந்த நடுக்கத்தில் துரிசை அடைக்கும் மருந்துகள், வெராபமில், டில்டியாசெம், டிகொக்சின் போன்றவை, ஆபத்தாக முடியலாம். துரிசை மூடினால் வெள்ளம் முழுதும் ஓட்டைப் பக்கம்தான் போகும். கொப்பியின் முன்மட்டையில் 'டபிள்யூ.பி.டபிள்யூ' என்று பெரிதாக எழுதி வையுங்கள். தெரியாத ஊரில், தெரியாத டொக்டர் இரவில் பார்க்கும்போது அந்த மட்டை உங்களுக்காகப் பேசும்.

மருந்தா, கொழும்புக்குப் போவதா?

மருந்து வருவதைக் குறைக்கும், பாதையை அழிக்காது. பாதையைச் சுடுவதுதான் நிரந்தர வழி. ஆனால் ஒரு குறியும் இல்லாமல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டவர் எல்லோருக்கும் சுட வேண்டும் என்றில்லை. படபடப்பு வருகிறவர், மயங்கி விழுந்தவர், வேகமான பாதை உள்ளவர் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். நாங்கள் கொழும்பு என்றாலே 'பிறகு பார்ப்போம், அறுவடை முடியட்டும்' என்று இழுக்கிற ஆட்கள். கிளினிக்கில் கடிதம் வாங்கினால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் இதய மின்னியல் பிரிவில் இலவசமாகச் செய்யலாம். காத்திருப்புப் பட்டியல் இருக்கும்.

சுடுவது என்றால் நெஞ்சைத் திறப்பார்களா?

இல்லை. முன்பு திறந்தார்கள். 1968இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் முதன்முதலில் ஒருவரின் மேலதிக பாதையை வெட்டி வெற்றி கண்டார். அந்த நோயாளி வட கரோலைனாவைச் சேர்ந்த ஒரு மீனவர். இதை முல்லைத்தீவில் ஒரு சம்மாட்டிக்குச் சொன்னபோது, "அப்ப எங்கட ஆள்தான் முதலில கிடந்திருக்கிறான்" என்று சிரித்தார்.

இப்போது தொடை இடுக்கில் இரத்த நாளத்துக்குள் மெல்லிய வயர்களை அனுப்பி இதயத்துக்குள் கொண்டுபோகிறார்கள். இடது பக்கப் பாதை என்றால் மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் சிறு துளையிட்டு, அல்லது நாடி வழியாகப் போவார்கள். ஒவ்வொரு இடமாகத் தொட்டு, மின்சாரம் எங்கே முந்திக் கடக்கிறது என்று தேடுவதுதான் நீண்ட வேலை. சரியான இடம் கிடைத்ததும் வானொலி அலைவரிசை மின்சாரத்தால் வயரின் நுனியைச் சூடாக்குவார்கள். 50 பாகைக்கு மேல் போனால் அந்த இழை செத்துவிடும். திரையில் டெல்டா அலை கண்முன்னே மறையும். நான் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், சுட்டுச் சில செக்கன்தான். 1990களின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் இந்த முறைதான். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு அளவில் சரிவரும். சிலருக்குப் பாதை திரும்ப உயிர்க்கும், மறுபடி சுட வேண்டும். துரிசுக்கு மிக அருகே பாதை இருந்தால் துரிசும் சேர்ந்து கெடுகிற அபாயம் உண்டு. அந்த நிலையில் சுடுவதற்குப் பதில் உறையவைப்பதும் உண்டு.

முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். ஒரு வாரமாவது மண்வெட்டி பிடிக்கவோ நெல் மூட்டை தூக்கவோ கூடாது.

சுடும்வரை கடலுக்குப் போகலாமா? மரம் ஏறலாமா?

ஒருமுறையாவது மயங்கி விழுந்தவர் என்றால் வேண்டாம். கடலட்டை பிடிக்கச் சுழியோடுவது, பனை தென்னை ஏறுவது, குளத்தில் தனியே நீந்துவது, பாரவாகனம் ஓட்டுவது எல்லாம் நிறுத்தி வையுங்கள். படபடப்பு மட்டும் உள்ளவர் டொக்டரிடம் கேட்டு முடிவெடுக்கலாம். சீவல் தொழிலாளிக்கு 'மரம் ஏறாதே' என்பது 'சாப்பிடாதே' என்பதற்குச் சமம் என்பது எனக்குத் தெரியும். தொழிலைச் சொல்லித்தான் டொக்டரிடம் பேச வேண்டும், காத்திருப்புப் பட்டியலில் முன்னுக்கு வர அதுவும் ஒரு காரணமாகலாம்.

பிள்ளைகளுக்கும் வருமா? கர்ப்பிணிகளுக்கு?

பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, அரிதாகச் சில குடும்பங்களில் உண்டு. கைக்குழந்தையால் படபடப்பு என்று சொல்ல முடியாது. பால் குடிக்காது, வெளிறும், வேகமாக மூச்சு வாங்கும். நெஞ்சுத் துடிப்பு நிமிடத்துக்கு 220க்கு மேல் இருந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பல குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் அது அடங்கிவிடும், பின்னால் சிலருக்குத் திரும்பவும் வரும். கர்ப்ப காலத்தில் படபடப்பு கூடலாம். மருந்துண்டு. முதல் கிளினிக்கிலேயே மருத்துவமாதுவிடம் சொல்லிவிடுங்கள்.

நூல் கட்டினோம், பார்வை பார்த்தோம். பிழையா?

கட்டுங்கள், பாருங்கள். ஈசிஜி எடுத்த பிறகு. படபடப்பு தானாகவே நிற்கும் இயல்புள்ளது என்பதால் நூல் கட்டிய நேரத்திலும் நிற்கும், கட்டாத நேரத்திலும் நிற்கும்.

கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய மணிக்கூடு ஈசிஜி காட்டுகிறதே, அது போதுமா?

வேகமாக ஓடும்போது எடுத்து வைத்தால் மிகவும் உதவும், நாங்கள் வருடக்கணக்காகக் காத்திருந்தும் கிடைக்காத படம் அது. ஆனால் அது ஒரு கோணத்திலிருந்து மட்டும் பார்க்கும். நாங்கள் பன்னிரண்டு கோணத்தில் எடுக்கிறோம். டெல்டா அலை அதில் தெரியாமல் போகலாம். 'சாதாரணம்' என்று மணிக்கூடு சொன்னதை நம்பிக் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள்.

பழைய ஈசிஜித் துண்டுகளை என்ன செய்வது?

எறியாதீர்கள். படபடப்பு நேரத்தில் எடுத்த ஒரு துண்டு, நின்ற பிறகு எடுத்த ஒரு துண்டு, இந்த இரண்டும் கையில் இருந்தால் கொழும்பில் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. இடப்பெயர்வில் கொப்பியைத் தொலைத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கியவர்கள் நம்மிடம் ஏராளம். அந்தத் தாள் வெப்பத்தால் அச்சாவது, வெயிலில் கிடந்தால் மங்கும். ஆகவே போட்டோப் பிரதி எடுங்கள், கைப்பேசியிலும் ஒரு படம். லமினேட் மட்டும் செய்ய வேண்டாம். பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு ஐயா டவுனில் கொடுத்து லமினேட் செய்துகொண்டு வந்தார். சூடு பட்டு மேலிருந்து கீழ்வரை கறுப்பு. "இதில எங்க தம்பி அந்த டெல்டா?" என்று கேட்டபடி அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கட்டிலில் படுக்கவைத்து மறுபடி கம்பி பூட்டினேன்.